கூட்டுத்தொகை சரியாக இருந்தது



இம்முறை இலக்கணமும் இல்லை. கட்டுரைப் பயிற்சியும் இல்லை. கணினிகள் தம்முள் தரவுகளைப் பரிமாறிக்கொள்ளும்போது நேரும் பிழைகளையும், அப்பிழைகளைக் கண்டறிய மனிதர் மேற்கொண்ட முயற்சிகளையும் பற்றிய ஒரு வரலாற்றை எழுத எண்ணினேன். தமிழ் கற்பிக்கும் ஓர் ஆசிரியைக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் வினவலாம். காரணம் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் நான் ஐந்தாம் ஆண்டு வகுப்பாசிரியையாக இருந்தேன். அரையாண்டுத் தேர்வு முடிந்து, கணிதப் புள்ளிகளைத் தாள்களிலிருந்து பதிவேட்டுக்கும் பதிவேட்டிலிருந்து கணினிக்கும் ஏற்றினேன். நான் கவனக்குறைவானவள் அல்லேன். ஏற்றி முடித்ததும் கணினி காட்டிய வகுப்புக் கூட்டுத்தொகையை, தாள்களைப் புரட்டி நானே கூட்டிய தொகையோடு ஒப்பிட்டேன். ஒரு புள்ளிகூடப் பிசகவில்லை. சராசரியும் சரியாக இருந்தது. மனநிறைவோடு கையெழுத்திட்டுத் தேர்ச்சி அறிக்கைகளைக் கொடுத்தனுப்பினேன். விடைத்தாள்கள் இன்னும் திருப்பித் தரப்படாமல் ஆசிரியர் அறையில் கட்டாகக் கிடந்தன.

இரண்டு நாள் கழித்து ஒரு தாயார் பள்ளிக்கு வந்தார். "டீச்சர், என் மகள் கணக்குல 87 எடுக்குற பிள்ளை இல்ல. எங்கேயோ தப்பு நடந்திருக்கு. கொஞ்சம் பாருங்க" என்றார். புள்ளி குறைந்துவிட்டது என்று வந்த பெற்றோர் பலரைக் கண்டிருக்கிறேன். கூடிவிட்டது என்று வந்தவர் அவர் ஒருவரே. கட்டைப் பிரித்துத் தாளை எடுத்தேன். 54. பட்டியலில் அடுத்த வரியில் இருந்த மாணவியின் 87 இவளுக்கும், இவளுடைய 54 அவளுக்கும் மாறி ஏறியிருந்தன. 87ஐயும் 54ஐயும் எந்த வரிசையில் கூட்டினாலும் 141 தானே! நான் செய்த சோதனை, நான் செய்த பிழையைக் காணக்கூடிய சோதனையே அன்று.

அந்த ஆண்டு இறுதியில் என் பழைய மாணவர் ஒருவர் வீட்டுக்கு வந்திருந்தார். சேமிப்பக வலையமைப்புகளைப் பராமரிக்கும் பணியில் இருப்பவர். அதாவது, ஒரு நிறுவனத்தின் கணினிகள் ஓரிடத்திலும் அவற்றின் தரவுகள் நிறைந்த வட்டுகள் வேறோரிடத்திலும் இருக்க, இடையே செல்லும் பாதையைப் பார்த்துக்கொள்பவர். நடந்ததைச் சொன்னேன். சிரித்துவிட்டு, "எங்க துறையில இது ரொம்பப் பழைய நோய், டீச்சர்" என்றார். அவர் சொல்லத் தொடங்கியதையும், அதன்பின் நானே தேடிப் படித்ததையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

கணினிக்குள் உள்ள எல்லாமே 0, 1 என்னும் இரண்டு குறிகளின் வரிசைதான் என்பதை நம் பிள்ளைகளும் அறிவர். அக்குறி ஒவ்வொன்றும் ஒரு பிட். எட்டுப் பிட்டுகள் சேர்ந்தால் ஒரு பைட். கம்பியில் சிறிது இரைச்சல் புகுந்தால் 0, 1ஆக மாறும். 1, 0ஆக மாறும். இதற்கு மிக எளிய காவல் சமநிலைப் பிட் என்பது. எட்டுப் பிட்டுகளில் உள்ள 1களை எண்ணி, மொத்தம் எப்போதும் ஒற்றைப்படையாக (அல்லது எப்போதும் இரட்டைப்படையாக) அமையும்படி ஒன்பதாவதாக ஒரு பிட்டைச் சேர்த்துவிடுவார்கள். ஒன்று பிசகினால் உடனே தெரிந்துவிடும். இரண்டு பிசகினால் தெரியாது. வட்டுகளைக் கணினியோடு இணைக்க 1980களில் பரவிய ஸ்கஸி கம்பிவடங்கள் நெடுங்காலம் இந்த ஒற்றைக் காவலாளியை நம்பியே ஓடின. 1999ஆம் ஆண்டையொட்டி வந்த அல்ட்ரா160 என்ற தலைமுறையில்தான் அவற்றுக்கு இதைவிட வலுவான காவல் கிடைத்தது.

1947ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் ரிச்சர்ட் ஹாமிங் என்னும் கணிதவியலார் பணியாற்றிக்கொண்டிருந்தார். அங்கிருந்த ரிலே கணினியில் வார இறுதியில் தம் கணக்குகளை ஓடவிட்டுச் செல்வது அவர் வழக்கம். அந்த இயந்திரம் தன் பிழையைத் தானே உணரக்கூடியது. வேலை நாளாக இருந்தால் பணியாளர் ஓடிவந்து சரிசெய்வார். வார இறுதியில் ஆளில்லாதபோது, பிழை கண்ட கணக்கைக் கைவிட்டு அடுத்த கணக்குக்குச் சென்றுவிடும். தொடர்ந்து இரண்டு வாரம் திங்கட்கிழமை வந்து பார்த்த ஹாமிங்கிற்கு மிஞ்சியது ஏமாற்றம். பிழை இருக்கிறது என்று சொல்லத் தெரிந்த இயந்திரத்துக்கு, அது எந்த இடத்தில் இருக்கிறது என்று ஏன் சொல்லத் தெரியக்கூடாது என்று சினந்து எண்ணினார். அச்சினத்திலிருந்து பிறந்து 1950இல் வெளியானதே ஹாமிங் குறிமுறை. பிழையைக் காட்டுவதோடு நில்லாமல் திருத்தவும் செய்கின்ற முறை அது. இன்றைய வழங்கிக் கணினிகளின் நினைவகத்தைக் காக்கும் பிழைதிருத்த முறைகள் அதன் வழிவந்தவையே.

ஆயினும் தொலைவழிச் செய்திகளுக்குத் திருத்துவதைவிடக் கண்டுபிடிப்பதே போதுமாக இருந்தது. பிழை என்று தெரிந்தால் "மீண்டும் அனுப்பு" என்று கேட்டுக்கொள்ளலாமே. ஆகவே, குறைந்த செலவில் பிழையைத் தப்பவிடாமல் கண்டுபிடிப்பது எப்படி என்பதே கேள்வியாயிற்று.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது நான் செய்ததுதான்: எல்லாவற்றையும் கூட்டி, கூட்டுத்தொகையையும் சேர்த்து அனுப்புவது. இணையத்தின் அடித்தளமான டி.சி.பி. நெறிமுறை இன்றளவும் செய்வது ஏறக்குறைய இதையே. செய்தியை 16 பிட் துண்டுகளாகக் கருதிக் கூட்டி, விடையை உடன் அனுப்புகிறது. விரைவானது, எளியது. ஆனால், இரண்டு துண்டுகள் தமக்குள் இடம் மாறிக்கொண்டால் என் பதிவேட்டைப் போலவே அதுவும் "சரி" என்று கையெழுத்திட்டுவிடும்.

வரிசையையும் உணரும் ஒரு சோதனை வேண்டும். அதை வகுத்தளித்தவர் வெஸ்லி பீட்டர்சன். 1961ஆம் ஆண்டு சனவரியில் டி. டி. பிரவுன் என்பவரோடு இணைந்து அவர் வெளியிட்ட கட்டுரையே சி.ஆர்.சி. எனப்படும் முறையைப் பரப்பியது. 1964 முதல் ஹவாய்ப் பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய பேராசிரியர் அவர், 1999இல் ஜப்பான் பரிசு பெற்றார், 2009இல் மறைந்தார். அவர் முறையின் உள்ளீட்டை நம் நான்காம் ஆண்டுப் பிள்ளைகளும் புரிந்துகொள்வர். அது நெடுவகுத்தல்தான், ஐயமில்லை.

என் இரு மாணவியரின் புள்ளிகளையே எடுத்துக்கொள்வோம். 87, 54 என்பவற்றைக் கூட்டாமல் அருகருகே எழுதி 8754 என்ற ஒரே எண்ணாக்குவோம். அதை 97ஆல் வகுத்தால் ஈவு 90, மீதி 24. இடம் மாறி 5487 என்று வந்திருந்தால்? ஈவு 56, மீதி 55. ஈவை விட்டுவிடுங்கள், மீதியை மட்டும் உடன் அனுப்பினால் போதும். பெறுபவர் தாமும் 97ஆல் வகுத்துப் பார்த்து, மீதி 24 வரவில்லையென்றால் தாளைத் திருப்பி அனுப்பிவிடுவார். சி.ஆர்.சி. செய்வது இதுவே. அங்கே எண்கள் 0, 1ஆல் ஆனவை. கழிக்கும்போது பக்கத்து இலக்கத்திலிருந்து கடன் வாங்குவதில்லை. கடன் இல்லாத கழித்தல் என்பதால் சிறு மின்சுற்று ஒன்றே அதைக் கம்பியின் வேகத்தில் செய்துவிடுகிறது. (கடன் வாங்கிக் கழித்தலோடு ஆண்டுதோறும் போராடும் கணித ஆசிரியர்கள் பெருமூச்சு விடுவது எனக்குக் கேட்கிறது!)

எதனால் வகுப்பது என்பதில்தான் நுட்பமெல்லாம் இருக்கிறது. 32 பிட் மீதி தரும் நல்ல வகுத்தியைத் தேர்ந்தால், 32 பிட் நீளத்துக்குள் அடங்கும் தொடர்பிழை எதுவும் அதனிடமிருந்து தப்பாது. தாறுமாறான பிழைகளில் ஏறத்தாழ 430 கோடியில் ஒன்றே தப்பும். மோசமான வகுத்தியோ பார்வைக்கு ஒரே நீளமாக இருந்தாலும் சில பிழைகளுக்குக் குருடாகிவிடும். 1993இல் கை காஸ்டக்னோலியும் அவருடைய தோழர்கள் இருவரும் 24, 32 பிட் வகுத்திகளை ஆராய்ந்து, எவை சிறந்தவை என்று ஒரு கட்டுரை வெளியிட்டனர். அதில் உள்ள ஒரு வகுத்தி பின்னால் நம் கதையில் வருகிறது.

இதுவரை சொன்னது பிழை கண்டறிதல். இதற்கு ஓர் இரட்டைப் பிறவி உண்டு. அதைப் பற்றிப் பலரும் பேசுவதில்லை. செய்தி எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று முதலில் தெரிய வேண்டுமல்லவா? கம்பியில் வருவது இடைவெளியில்லாத 0, 1 வெள்ளம். அதைத் துண்டு துண்டாகப் பிரித்தறிவதற்குச் சட்டகமிடல் என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

தமிழாசிரியர்களுக்கு இந்த இடர்ப்பாடு புதிதன்று. ஓலைச்சுவடிகளில் சொற்களுக்கிடையே இடைவெளி இல்லை; பெரும்பாலும் புள்ளியும் இடமாட்டார்கள். 'பலகை' என்று வந்தால் அது மரப்பலகையா, பல கைகளா? 'வேங்கை' என்பது புலியா, மரமா, வேகின்ற கையா? பொதுமொழி என்று நன்னூலில் பாடம் நடத்துகிறோமே, அதே சிக்கல். எழுத்து ஒன்றுகூடப் பிழைபடாமல் இருந்தும், பிரிக்கும் இடம் பிசகினால் பொருள் கெட்டுவிடுகிறது. மனிதர் முன்பின் பார்த்துப் பொருள் கொள்வர். இயந்திரத்துக்கு அந்த வாய்ப்பில்லை.

1970களில் ஐ.பி.எம். நிறுவனத்தின் எஸ்.டி.எல்.சி. நெறிமுறை இதற்கு ஓர் அழகிய வழி கண்டது. 01111110 என்ற குறியே எல்லைக்கல். அப்படியானால் செய்திக்குள்ளேயே தற்செயலாக அதே வரிசை வந்துவிட்டால்? அனுப்புபவர், செய்தியில் ஐந்து 1கள் தொடர்ந்து வந்தவுடன் ஒரு 0வைத் தாமாகவே செருகிவிடுவார். பெறுபவர், ஐந்து 1களுக்குப் பின்வரும் 0வை எடுத்து எறிந்துவிடுவார். ஆகவே ஆறு 1கள் தொடர்ந்து வருவது எல்லைக்கல்லில் மட்டுமே.

ஆனால், செருகிய 0 ஒன்று இரைச்சலால் 1ஆக மாறிவிட்டால் இல்லாத இடத்தில் ஓர் எல்லைக்கல் முளைத்துவிடும். எல்லைக்கல்லில் ஒரு பிட் கெட்டால் இரண்டு செய்திகள் ஒட்டிக்கொள்ளும். அப்போது பெறுபவர் எந்த 16 பிட்டுகளை மீதி என்று எடுத்துச் சரிபார்ப்பார்? தவறான இடத்திலிருந்து! எல்லை தவறினால் சோதனையும் தவறான இடத்தில் நிற்கும் என்னும் இந்த முடிச்சை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சேமிப்பகங்களுக்கென்றே உருவாகி 1994இல் அமெரிக்கத் தரமாக ஏற்கப்பட்ட ஃபைபர் சேனல் இந்த முடிச்சை வேறு வகையில் அவிழ்த்தது. ஐ.பி.எம். ஆய்வாளர்கள் விட்மரும் ஃபிரானஸ்ஸெக்கும் 1983இல் வெளியிட்ட 8பி/10பி குறிமுறையை அது கையாண்டது. எட்டுப் பிட்டுகளைப் பத்தாக்கி அனுப்பும் முறை அது. எட்டுப் பிட்டுகளால் 256 வடிவங்கள்தாம் உண்டு, பத்துக்கோ 1024. மிகுதியானவற்றில் பல பயன்படுத்தவே படாதவை. அவற்றில் ஒன்று கம்பியில் தென்பட்டால் அதுவே பிழையின் அறிகுறி. வேறு சில, தரவாக ஒருபோதும் வராத தனிக்குறிகளாக ஒதுக்கப்பட்டன. எல்லைக்கற்கள் அவற்றைக் கொண்டே நடப்பட்டன. ஒரு சட்டகத்தில் முதலில் 4 பைட் தொடக்கக்குறி, 24 பைட் தலைப்பு, 2112 பைட்டுக்கு மிகாத தரவு, 4 பைட் சி.ஆர்.சி., இறுதியில் 4 பைட் முடிவுக்குறி. எதுவும் நீளத்தை எண்ணி ஊகிக்கப்படுவதில்லை. தொடக்கமும் முடிவும் கண்ணுக்குத் தெரியும்.

அந்தக் கம்பிகளுக்கு விதிக்கப்பட்ட தரம், ஓர் இலட்சம் கோடிப் பிட்டுகளுக்கு ஒரு பிழைக்கு மேல் கூடாது என்பது. மிகக் கடுமையான விதியாகத் தோன்றும். வினாடிக்கு 106 கோடிப் பிட்டுகள் ஓடிய முதல் தலைமுறைக் கம்பியில் அது ஏறத்தாழ 16 நிமிடத்துக்கு ஒரு பிழையை அனுமதிக்கிறது. சி.ஆர்.சி. இல்லாமல் ஒரு பள்ளி நாள்கூடத் தாங்காது.

சரி, கம்பிக்குக் கம்பி காவல் வைத்தாயிற்று. இனி அச்சமில்லை என்று எண்ணலாமா? எண்ணினார்கள். அதன் விளைவு 1980களின் தொடக்கத்திலேயே வெளிப்பட்டது.

ஜெரோம் சால்ட்சர், டேவிட் ரீட், டேவிட் கிளார்க் ஆகிய மூவர் 1981இல் ஒரு மாநாட்டில் படித்து 1984இல் விரித்து வெளியிட்ட கட்டுரை ஒன்று கணினித் துறையில் புகழ்பெற்றது. அதில் எம்.ஐ.டி. கல்விக்கழகத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார்கள். அங்கே பல வலையமைப்புகளை இடைக்கணினிகள் இணைத்திருந்தன. ஓர் இடைக்கணினியிலிருந்து அடுத்ததற்குச் செல்லும் ஒவ்வொரு கட்டத்திலும் சரிபார்ப்பு இருந்தது. ஆகவே நிரலெழுதுவோர், வலையமைப்பு பிழையின்றிக் கொண்டுசேர்க்கும் என்று நம்பியிருந்தனர். ஓர் இடைக்கணினியில் பழுது ஏற்பட்டது. வந்த செய்தியைத் தன் நினைவகத்தில் ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு எடுத்தெழுதும்போது, ஏறத்தாழ பத்து இலட்சம் பைட்டுக்கு ஒருமுறை, இரண்டு பைட்டுகளை இடம் மாற்றி வைத்தது. கம்பியில் வந்தபோது செய்தி சரி, சோதனையில் தேறியது. உள்ளே மாறியது. வெளியே அனுப்பும்போது, மாறிய செய்திக்குப் புதிதாகச் சரிபார்ப்பு எண் கணக்கிடப்பட்டு, அடுத்த கட்டத்திலும் தேறியது! ஓர் இயக்கு தளத்தின் மூலக் கோப்புகள் பல நாள் அந்த வழியே சென்று கெட்டன. இறுதியில், பழைய அச்சுப் பிரதிகளை எடுத்துவைத்து, வரி வரியாகக் கண்ணால் ஒப்பிட்டுத் திருத்த வேண்டியதாயிற்று.

இதைப் படித்தபோது எனக்குச் சற்றே கூச்சமாக இருந்தது. தாள் சரி, கணினியின் கூட்டல் சரி. எடுத்தெழுதிய இடைக்கணினி நான்தான்.

1989 அக்டோபரில் வெளியான இணைய விதிமுறை ஆவணமொன்றும் இதே தொனியில் ஒரு செய்தியைப் பதிவு செய்கிறது. உள்ளூர் வலையமைப்புக்குள்தானே என்று வேகத்துக்காகச் சரிபார்ப்பை நிறுத்திவைத்த பயன்பாடுகளில், கண்டறியப்படாத பிழைகள் பல நேர்ந்ததாக அதில் உள்ளது. 2000ஆம் ஆண்டில் ஜோனதன் ஸ்டோன், கிரெய்க் பார்ட்ரிட்ஜ் ஆகிய இருவர் இதை அளந்தே காட்டினர். இரண்டாண்டுக் காலம் திரட்டிய இணையப் பொட்டலங்களை ஆராய்ந்ததில், இடத்துக்கு இடம் வேறுபட்டு, 1,100 பொட்டலங்களுக்கு ஒன்று முதல் 32,000க்கு ஒன்று வரை டி.சி.பி. கூட்டுத்தொகையில் தவறியிருந்தது. கம்பிகளில் சி.ஆர்.சி. காவல் இருந்தும் இந்த நிலை! பிழைகள் பெரும்பாலும் கம்பியில் பிறக்கவில்லை. கணினிகளிலும் திசைவிகளிலும், அவற்றின் நினைவகத்திலும் மென்பொருளிலும் பிறந்தன. கூட்டுத்தொகையையும் ஏமாற்றிவிட்டு உள்ளே நுழைவது 1.6 கோடிப் பொட்டலங்களுக்கு ஒன்று முதல் 1,000 கோடிக்கு ஒன்று வரை இருக்கும் என்று அவர்கள் மதிப்பிட்டனர்.

வலைப்பக்கத்தில் ஓர் எழுத்து மாறினால் கண் கண்டுகொள்ளும். வட்டில் எழுதப்படும் தரவில் மாறினால், அது பிழையான நிலையிலேயே பத்திரமாகப் பாதுகாக்கப்படும். மறுநாள் காப்புப் பிரதி எடுக்கும்போது பிழையே காப்பாகும்.

இதே வேளையில்தான், வட்டுகளுக்கான ஸ்கஸி கட்டளைகளைத் தனிக்கம்பியின்றி, எங்குமுள்ள டி.சி.பி. இணைப்பின் வழியே அனுப்பும் ஐஸ்கஸி நெறிமுறை உருவாகிக்கொண்டிருந்தது. ஐ.பி.எம். நிறுவனத்தின் ஹைஃபா ஆய்வகத்தைச் சேர்ந்த ஜூலியன் சத்ரான் அதில் முன்னின்றவர். டி.சி.பி.யின் கூட்டுத்தொகையை நம்பி வட்டுத் தரவை ஒப்படைக்கலாமா? கூடாது என்ற முடிவுக்கான காரணங்களை, அவர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2002 செப்டம்பரில் ஆர்.எஃப்.சி. 3385 என்ற தனி ஆவணமாகவே எழுதினர். அவர்கள் தேர்ந்தெடுத்த வகுத்தி, காஸ்டக்னோலியின் 1993ஆம் ஆண்டுக் கட்டுரையில் உள்ளது. அதனால் அந்தச் சோதனைக்கு சி.ஆர்.சி.32சி என்று பெயர். கடைசி 'சி' அவர் பெயரின் முதலெழுத்து.

2004 ஏப்ரலில் ஐஸ்கஸி, ஆர்.எஃப்.சி. 3720 என்ற எண்ணில் தரமாக வெளிவந்தது. அதில் நான் மிகவும் சுவைத்த இடம் ஒன்று உண்டு. டி.சி.பி. தருவது எல்லைக்கற்களே இல்லாத பைட் வெள்ளம். ஃபைபர் சேனலின் தனிக்குறிகள் அங்கே கிடையா. எனவே ஐஸ்கஸியின் ஒவ்வொரு செய்தியும் 48 பைட் தலைப்போடு தொடங்கும். பின்வரும் தரவு எத்தனை பைட் என்ற எண் அத்தலைப்புக்குள் இருக்கும். எண்ணிக்கொண்டே சென்றால் அடுத்த தலைப்பு வரும். ஓலைச்சுவடியில் ஒவ்வொரு சொல்லுக்கு முன்னும் அதன் எழுத்தெண்ணிக்கையை எழுதிவைத்தது போல. அந்த ஓர் எண் கெட்டுவிட்டால்? அடுத்த செய்தியின் தொடக்கமும் தவறு, அதற்கடுத்ததும் தவறு, தரவின் நடுப்பகுதியைக் கட்டளை என்று படிக்க நேரும். முன்னே சொன்ன அதே முடிச்சு!

இதனால்தான் ஐஸ்கஸி தலைப்புக்கு ஒரு சி.ஆர்.சி., தரவுக்கு ஒரு சி.ஆர்.சி. என்று இரண்டாகப் பிரித்துவைத்தது. தரவில் பிழை என்றால், எல்லை தெரிகிறது. அந்தத் தரவை மட்டும் எறிந்துவிட்டு மீண்டும் பெறலாம். தலைப்பில் பிழை என்றால், நீள எண்ணை நம்ப முடியாது. அடுத்த செய்தியின் தொடக்கத்தை வேறு வழியில் உறுதியாக அறிய முடிந்தாலன்றி, இணைப்பையே துண்டித்துப் புதிதாகத் தொடங்க வேண்டும். பிழை எது என்று தெரியாதபோது தொடர்ந்து வாசிப்பதைவிட நூலை மூடிவிடுவது மேல் என்பது அவர்கள் தீர்ப்பு. அந்த 'வேறு வழி'க்காக, குறித்த இடைவெளிதோறும் "அடுத்த செய்தி இத்தனை பைட் தள்ளித் தொடங்குகிறது" என்று சொல்லும் மைல்கற்களை நடும் ஏற்பாடும் அதே ஆவணத்தில் இருந்தது. ஒவ்வொரு மைல்கல்லிலும் அந்த எண் இருமுறை எழுதப்பட்டிருக்கும். அழகான ஏற்பாடு. ஆனால் நிலைக்கவில்லை, 2014இல் ஐஸ்கஸி ஆவணங்களை ஒன்றுதிரட்டி வெளியிட்ட ஆர்.எஃப்.சி. 7143இல் மைல்கற்கள் நீக்கப்பட்டன.

இவ்வளவும் வகுத்துவிட்டு அவர்கள் செய்த இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இரு சோதனைகளும் கட்டாயமல்ல. இரு தரப்பும் பேசி ஒப்புக்கொண்டால்தான் உண்டு. யாரும் எதுவும் சொல்லாவிட்டால் இயல்புநிலை "இல்லை" என்பதே! ஒவ்வொரு பைட்டையும் மென்பொருளால் வகுத்துக்கொண்டிருந்தால் கணினியின் ஆற்றல் வீணாகிறது என்பது வாதம். பொய்யல்ல. என் மாணவர் கூறியபடி, பலர் அதை இயக்குவதே இல்லை. வேகம் குறைந்தால் அன்றே கேள்வி வரும், தரவு கெட்டால் என்றோ ஒருநாள்தான் தெரியவரும். 2008 நவம்பரில் வெளிவந்த இண்டெல் செயலிகள் சி.ஆர்.சி.32சி கணக்கிடவென்றே ஒரு தனிக் கட்டளையைக் கொண்டுவந்தபின் அந்த வாதம் வலுவிழந்தது. ஆனாலும் இயல்புநிலை மாறவில்லை. 2018இல் வந்த என்.வி.எம்.இ. வட்டுகளுக்கான டி.சி.பி. நெறிமுறையிலும் இதே சி.ஆர்.சி.32சி, இதே தலைப்பு, தரவு என்ற இரட்டைச் சோதனை, இதே விருப்பத்தேர்வு.

சோதனை விடுபட்ட ஒரே இடத்தில் என்ன நேரும் என்பதற்கு 2008 சூலை 20ஆம் நாள் சான்றாயிற்று. அமேசான் நிறுவனத்தின் எஸ்3 சேமிப்பகச் சேவை அன்று பல மணி நேரம் முடங்கியது. அந்நிறுவனமே பின்னர் விளக்கம் வெளியிட்டது. வாடிக்கையாளர் தரவுக்கெல்லாம் சரிபார்ப்பு இருந்தது. வழங்கிகள் தமக்குள் "யார் நலம், யார் நலமில்லை" என்று பரிமாறிக்கொள்ளும் உள்நிலைச் செய்திகளுக்கு மட்டும் அது இல்லை. சில செய்திகளில் ஒரே ஒரு பிட் மாறியது. செய்தி உருக்குலைந்திருந்தால் யாரும் நம்பியிருக்கமாட்டார்கள். அது படிக்கக்கூடியதாகவே இருந்தது, பொருள்தான் தவறு. வழங்கிகள் அதைப் படித்து, நம்பி, அடுத்தவற்றுக்கும் சொல்லிப் பரப்பின.

இன்னும் ஒன்று பாக்கி. தரவும் சரி, எல்லையும் சரி, சி.ஆர்.சி.யும் சரி, ஆனால், போய்ச் சேர்ந்த இடம் தவறு என்றால்? 87 என்ற எண்ணில் ஒரு குறையும் இல்லை; அது வேறொருத்தியின் வரியில் இருந்தது என்பதுதான் குறை. வட்டுகளிலும் இப்படி நேர்வதுண்டு. இதற்காக ஸ்கஸி தரக்குழுவினர், வட்டின் 512 பைட் பகுதி ஒவ்வொன்றோடும் 8 பைட் சேர்த்து 520 ஆக்கும் ஒரு முறையை வகுத்தனர். அந்த எட்டில் இரண்டு பைட் சி.ஆர்.சி.; இரண்டு பயன்பாட்டுக் குறிப்பு; எஞ்சிய நான்கு, இத்தரவு வட்டில் எந்த இடத்துக்கு உரியது என்ற முகவரி. தரவு தன் முகவரியைத் தானே சுமந்து செல்வதால், வழியில் உள்ளவர் எவரும் நிறுத்திக் கேட்கலாம்.

இதைப் படித்த பிறகு நானும் பதிவேட்டு முறையை மாற்றிக்கொண்டேன். புள்ளியைத் தாளிலிருந்து ஏற்றும்போது அம்மாணவரின் பட்டியல் எண்ணையும் தாளின் மூலையில் எழுதி, இரண்டையும் சேர்த்தே உரக்கப் படிக்கிறேன். அறிக்கை அச்சானபின், பதிவேட்டைப் பாராமல், தாள்களை நேராக அறிக்கையோடு வைத்து மற்றோர் ஆசிரியை ஒப்பிடுகிறார். அரை மணி நேரம் கூடுதலாகிறது.

அந்தத் தாயார் வந்ததைச் சொன்னேன். மற்ற மாணவியின் வீட்டிலிருந்து யாரும் வரவில்லை என்பதைச் சொல்லவில்லை. 87 எடுத்து 54 என்ற அறிக்கையை வாங்கிச்சென்ற பிள்ளை அவள். அன்று பிற்பகலே அவளை அழைத்து, திருத்திய அறிக்கையைக் கொடுத்து, "நீ ஏன்மா என்கிட்ட வந்து கேட்கல?" என்றேன்.

"அறிக்கையில அப்படித்தானே டீச்சர் போட்டிருந்துச்சு" என்றாள்.

புதிய அறிக்கையை இரு கைகளாலும் வாங்கி, மேசை ஓரத்தில் வைத்து, பாடம் பாடமாக விரல் வைத்துக் கீழே வரை மெல்லக் கூட்டிப் பார்த்தாள்.